மருதாணி கறுக்குமா?

நரையைக் கண்டு நடுங்குகிறது நாடு! ஆண் நரைத்தால் அனுபவம் என்பர். பெண் நரைத்தால் அலங்கோலம் என்பர். அந்த நடுக்கத்தைக் காசாக்கப் புறப்பட்டிருக்கிறது ஒரு கூட்டம். "இது இயற்கை! இது மூலிகை! தீங்கே கிடையாது!" என்று கூவுகிறது. இயற்கை என்று சொல்லிவிட்டால் எவரும் வினாத் தொடுக்கக் கூடாதாம்.

நாம் தொடுக்கிறோம், தோழர்களே! மயிரின் கறுப்பு பிறப்பது எங்கே? தோலுக்கடியில், மயிர்க்காலிலுள்ள நிறமி உயிரணுக்களில். வெளியே நீண்டு கிடக்கும் மயிரோ உயிரற்ற இழை. அதன்மீது கரிசலாங்கண்ணி எண்ணெயைக் குடம் குடமாகக் கொட்டினாலும் மினுமினுப்பு வரும். இழந்த நிறம் மீளாது. சாயம் ஏறுவது வேறு, நரை திரும்புவது வேறு. இரண்டையும் குழப்பி விற்பதே வணிகனின் வித்தை.

மருதாணியை நாம் பழிக்கவில்லை. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் மயிரின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. தரும் நிறம்? செம்மஞ்சள், செம்மை, அவ்வளவே! கருமை வேண்டுவோர் அதைக் கழுவிய பின் அவுரி இலைப்பொடியை வெந்நீரில் குழைத்து, நேரங்கடத்தாமல் பூசுகின்றனர். செம்மைமேல் நீலம் ஏறிக் கருமையாகிறது. மணிக்கணக்கான வேலை. (1859-இல் வங்கத்து உழவனைக் கிளர்ந்தெழச் செய்த அதே அவுரிதான், இன்று வீட்டுக் கிண்ணத்தில் குழைகிறது!)

அவ்வாறிருக்க, "கறுப்பு மருதாணி, அரைமணியில் கருகரு கூந்தல்" என்கிறதே ஒரு பொட்டலம், அந்தக் கறுப்பு எந்தச் செடியில் காய்த்தது? பெரும்பாலும் எந்தச் செடியிலும் அன்று! பாரா-ஃபினைலீன்-டையமின் என்னும் இரசாயனம் தந்த கறுப்பு அது. பலரை அது ஒன்றும் செய்யாது. ஒவ்வாதவர்க்கோ உச்சந்தலை கொப்புளிக்கும், முகம் வீங்கும், இமை திறக்க முடியாது. ஒருமுறை பற்றிய ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுதும் விடாது.

இரசாயனம் என்பதற்காகவா எதிர்க்கிறோம்? உப்பும் இரசாயனமே! மறைப்பதை எதிர்க்கிறோம். பெயரை அச்சிட்டு விற்றால், வாங்குகிறவள் முன்கையில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்கிறாள். பச்சிலைப் படம் போட்டு விற்றால், நம்பித் தலை முழுதும் பூசுகிறாள். வஞ்சகம் வேறெப்படி இருக்கும்?

எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் நின்றால் மயிர் வெளுக்குமென்று இன்னோர் உபதேசம். கரிய மயிரில் பலன் சொற்பம். சாறு வழிந்த தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும். தூய மருதாணியே கூட, ஜி6பிடி என்னும் நொதி குறைந்த கைக்குழந்தைக்குப் பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதுண்டு. இலையில் விளைந்ததெல்லாம் அமுதமென்று யார் சொன்னது?

நரையோடு உலவுவோர் உலவட்டும், சாயமிடுவோர் இடட்டும். அவரவர் தலை, அவரவர் உரிமை. பொட்டலம் வாங்கப் போகும் தங்கையிடம் மட்டும் சொல்லி அனுப்புங்கள்: "இதில் கறுக்க வைப்பது எது? பெயரைச் சொல்லுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். அவர் விழித்தால், பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பட்டும்.