பரணில் ஏறச் சொன்னது யார்? விழுந்தால் பதில் சொல்வது யார்?

தினைப்புனத்தில் வள்ளி பரண்மீது நின்று கிளி விரட்டிய கதையை நாம் திருவிழா மேடைகளில் கண்டு களித்திருக்கிறோம். வள்ளி காத்தது தன் குலத்தாரின் தினையை. நம் தோட்டத்துத் தொழிலாளி பரணேறிக் காப்பதோ கம்பெனியின் கன்றை. வள்ளியின் பரணைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள். இவன் ஏறும் பரணில் உளுத்துப்போன ஒரு படியை மாற்றக்கூட ஆள் இல்லை!

மறுநடவு செய்த இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிச் சாய்க்கிறது. செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்று தீர்க்கிறது. இதை நாங்கள் மறுக்கவில்லை. பன்றியைச் சுட லைசென்ஸ் பெற்றவர்கள் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பரண் கட்டிக் கொடுப்பவன் யார்? ஏணி சுமப்பவன் யார்? முதல் நாளே மேலே உட்கார்ந்து பன்றித் தடம் பார்ப்பவன் யார்? விடியற்காலைப் பிரட்டுக்கு நிற்க வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளி! ஓவர்டைம் உண்டா என்று கேட்டால், இறைச்சியில் பங்கு உண்டு என்று பதில் வருகிறது.

அந்தப் பரணின் யோக்கியதை என்ன? கழித்துப் போட்ட ரப்பர் பலகை, நாலு மூங்கில், பழைய நைலான் கயிறு. மருந்தூட்டாத ரப்பர் பலகையைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் அரித்துவிடும். வெயிலில் கிடந்த நைலான் கயிறு பார்வைக்குக் கயிறாகவே இருக்கும், பாரம் ஏறினால் அறும். ரப்பர் மரமோ பலத்த காற்றில் முறியக்கூடியது என்பது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதிலே ஆணி அடித்துப் பரணைத் தொங்கவிட்டு, "ஏறு" என்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், சில ஆண்டுகளுக்கு முன், இப்படி ஏறச் சொல்லி ஏறிய ஒருவர் படி முறிந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாள் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது தெரியுமா? "வேலை நேரத்திற்குப் பின், சொந்தக் காரியமாக மரமேறி விழுந்தார்." அந்த ஒரு வரியால் அவர் பெர்கெசோ உதவிக்கு மாதக்கணக்கில் அலைந்தார். அந்த வரியை எழுதியது துரையின் பேனா அல்ல, எங்கள் கிராணிமாரின் பேனா. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொள்ளாமல் மற்றவரைக் கண்டிக்க எங்களுக்கு யோக்கியதை இல்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவுபடுத்துகிறோம். துரைமார் முன்பும், கிராணிமார் முன்பும் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது அன்று தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அன்று "இறங்கு" என்றார்கள், இன்று "ஏறு" என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, தோரணை மாறவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வேலையிடத்தையும் அங்கே ஏறி இறங்கும் வழியையும் ஆபத்தின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. 1-6-2024 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், கடமை தவறிய முதலாளிக்கான அபராத உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியிருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, அதைத் தெரிவித்தும் முதலாளி நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை 26ஏ பிரிவு தொழிலாளிக்கு வழங்குகிறது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னவனை அதற்காக வேலைநீக்கம் செய்வதை 27-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே ஏற மறுப்பவன் கலகக்காரன் அல்லன், சட்டத்தின்படி நடப்பவன்.

"வேட்டைப் பரணுக்கெல்லாம் விதியா?" என்று சிரிப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கட்டும். அங்கே வேட்டைப் பரண்களுக்கென்றே விபத்துத் தடுப்பு விதிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏறுமுன் சோதிக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுதும் பரிசோதிக்க வேண்டும்; தேவைப்படாத பரணைப் பிரித்துவிட வேண்டும்; ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. பொழுதுபோக்குக்கு ஏறும் சீமானுக்கு அங்கே இத்தனை காவல். கட்டளைக்கு ஏறும் தொழிலாளிக்கு இங்கே என்ன காவல்?

செலவாகும் என்பார்கள். உயரத்தில் பால் வெட்ட ஏணி தூக்கித் திரிந்த காலத்தை மூத்த தொழிலாளர் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் நீண்ட கைப்பிடி உளியால் மேல்நோக்கி வெட்டும் முறையை வகுத்தார்கள். தொழிலாளி தரையில் நின்றபடியே மேல்பட்டையை வெட்டினான். பால் கிடைக்குமென்றால் ஆளைத் தரைக்கு இறக்க வழி காணும் அறிவு, உயிர் பிழைக்குமென்றால் மட்டும் ஏன் வேலை செய்வதில்லை?

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. பன்றிக் காவலும் பரண் கட்டுவதும் செக்ரோலில் பதிந்து, சம்பளம் கொடுத்துச் செய்யப்பட வேண்டிய வேலை. இறைச்சி கூலி ஆகாது.

2. பரண் தனிக் கால்களில், உறுதியான மரத்தாலோ இரும்பாலோ நிற்க வேண்டும். ரப்பர் மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடக்கூடாது.

3. ஒவ்வொரு பரணுக்கும் ஒரு எண், சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாத பரணில் எவரும் ஏறக்கூடாது. பழையவற்றைப் பிரித்தெறிய வேண்டும்.

4. ஏறுகிறவருக்குப் பாதுகாப்பு வார் கொடுக்க வேண்டும். அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. துப்பாக்கியைத் தோட்டா நீக்கிக் கயிற்றில்தான் மேலே அனுப்ப வேண்டும்.

5. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் சட்டப்படி இருக்கவேண்டிய பாதுகாப்புக் குழு, அடுத்த கூட்டத்திலேயே பரண்களைப் பார்வையிட வேண்டும்.

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். விபத்தை 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பாரத்தை நிரப்புவது நாம். ஏறச் சொன்னது யார், எத்தனை மணிக்கு, எதற்காக என்பதை உள்ளது உள்ளபடி எழுதுவோம். "சொந்தக் காரியம்" என்று எழுதச் சொல்லி யார் நின்றாலும், நம் பேனா வளையக்கூடாது.

பால்வெட்டுத் தோழர்களே! உங்கள் தோட்டத்துப் பரணை இந்த வாரமே போய்ப் பாருங்கள். படி ஆடினால் ஏறாதீர்கள். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். தனியாக மறுத்தால் மிரட்டுவார்கள், சங்கமாக மறுத்தால் பரணைச் சீர்செய்வார்கள்!