டேஷ்கேம் வாங்கியாச்சு... வயரைக் கவனிச்சீங்களா?

'ஃபுல் ஹெச்டி', '2கே', 'நைட் விஷன்'... ஆன்லைனில் பட்ஜெட் டேஷ்கேம் வாங்கும்போது நம் கண் போவது இந்த வார்த்தைகள் மேல்தான். ஆனால், இந்த வகை கேமராக்களில் முதலில் காலை வாருவது பெரும்பாலும் லென்ஸ் இல்லை. அதற்குக் கரன்ட் கொண்டுபோகும் சார்ஜரும் வயரும்தான். திடீரென ஆஃப் ஆகும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் ரீஸ்டார்ட் ஆகும், தேதி தானாகப் பின்னால் போய்விடும். "விலை குறைச்சல்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். விட்டு விட்டுப் பதிவாகும் கேமரா, கேமரா இல்லாததைவிட மோசம். ஏனென்றால், அதை நம்பி நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

அந்த ஒரு நிமிடம் ஏன் முக்கியம்?

கங்கைகொண்டான், நெல்லை, நாங்குநேரி, வள்ளியூர் என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், இரவில் ஒரு வண்டி ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வண்டி என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி நம்பர் தெரிந்தால் கதையே வேறு. பாதிக்கப்பட்டவரின் வயது, வருமானம், குடும்பம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, தீர்ப்பாயத்தில் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் இழப்பீடு கேட்கலாம். பின்னால் வந்த உங்கள் கேமரா அந்தச் சில நொடிகளில் ஓடியதா, இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டேஷ்கேம் வீடியோவை 1, 3 அல்லது 5 நிமிடத் துண்டுகளாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு துண்டும் முடியும்போதுதான் அந்த ஃபைல் முறையாக மூடப்படும். நடுவில் கரன்ட் போனால், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியோ கெப்பாசிட்டரோ சில நொடி தாக்குப்பிடித்து அதை மூட வேண்டும். அது செத்துப்போயிருந்தால் கடைசி ஃபைல் திறக்காமல் போகலாம். மோதிய அதிர்ச்சியில் சார்ஜர் கழன்றால், நமக்குத் தேவையான அதே ஃபைல்தான் போகும்!

நம்ம ஊர் வெயில் இதற்கு இன்னொரு எதிரி. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மே மாத மத்தியானம் பாளையங்கோட்டையில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பேட்டரி உப்புவதில் ஆச்சரியமில்லை. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குவது கெப்பாசிட்டர். ஆகவே, நெல்லைக்காரர்கள் வாங்கும்போதே கெப்பாசிட்டர் மாடலா என்று கேட்பது நல்லது.

பழுது எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் கேமராவைச் சின்ன வயரில் பவர் பேங்குடன் இணைத்து ஒரு ரவுண்டு போங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் வரை போய் வந்தாலே போதும். வீடியோ நேரங்களில் இடைவெளி இல்லையென்றால் கேமரா ஓகே. அப்போதும் நின்று நின்று ஓடினால் மெமரி கார்டை மாற்றிப் பாருங்கள். கார்டு கெட்டாலும் கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

அடுத்து, கேமராவுடன் வந்த நீள வயரை அதே பவர் பேங்கில் மாட்டுங்கள். இப்போது பிரச்சினை வந்தால் குற்றவாளி வயர். வரவில்லையென்றால் சார்ஜர் அல்லது காரின் 12 வோல்ட் சாக்கெட்.

"அதே சார்ஜர்ல போன் நல்லா ஏறுதே?" என்று கேட்கலாம். போனுக்குள் பெரிய பேட்டரி இருக்கிறது. ஒரு நொடி கரன்ட் விட்டாலும் அது காட்டிக்கொள்ளாது. டேஷ்கேமுக்கு அந்த வசதி இல்லை.

வயரில் அப்படி என்ன? ஒரு சின்னக் கணக்கு. மெல்லிய 28 கேஜ் கம்பியில் 3.5 மீட்டர் வயர் என்றால், கரன்ட் போக வர 7 மீட்டர். தடை சுமார் 1.5 ஓம். கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் 0.75 வோல்ட் வழியிலேயே காலி. சார்ஜரில் கிளம்பிய 5 வோல்ட், கேமராவுக்கு வரும்போது 4.25. சற்றுத் தடித்த 24 கேஜ் வயரில் இந்த இழப்பு 0.3 வோல்ட்தான்.

சாக்கெட்டில் சார்ஜர் ஆடினால் குழியில் விழும்போதெல்லாம் தொடர்பு விடும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக எடுப்பது அதற்கு நல்ல தீர்வு. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: வயரை வெட்டி ஒட்ட வேண்டாம், ஃபியூஸ் டேப் போடுங்கள், எர்த்தைப் பெயின்ட் இல்லாத இரும்பில் முறுக்குங்கள், பேட்டரி இறங்கினால் தானாக நிற்கும் கிட் வையுங்கள். லாரி, பஸ் என்றால் 24 வோல்ட் தாங்கும் கிட்தானா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தேதியும் சாட்சிதான்

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தாக்கல் செய்யச் சொல்கிறது. கரன்ட் விட்டு விட்டு வந்து கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். விபத்து நடந்தால் ஒரிஜினல் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும்.

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பேட்டரியா கெப்பாசிட்டரா, சார்ஜர் எத்தனை ஆம்பியர், வயர் எத்தனை கேஜ் என்பதை விற்பவர்கள் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட வேண்டும். பதிவு நின்றால் கேமரா சத்தம் போட வேண்டும். டிரைவரைக் கண்காணிக்க கேமரா வைக்கும் டாக்ஸி முதலாளிகள், அதன் வயருக்கும் செலவழிக்க வேண்டும். பதிவு இல்லாத பழி டிரைவர் மேல் விழக்கூடாது.

அதுவரை வாரம் ஒருமுறை கடைசி இரண்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். நேரம் சரியா, நடுவில் விட்டிருக்கிறதா? இரண்டு நிமிட வேலைதான்.