காவலுக்கு நாய் வேண்டும். பயிற்சி தருபவர் யார்?

ரயில் பாதைத் தடத்தையும் புக்கிட் தீமா சாலையையும் ஒட்டிய தனியார் குடியிருப்புப் பேட்டைகளில், 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் முற்பகுதிவரை பத்து வீடுகளில் திருடர்கள் புகுந்ததாகக் காவல்துறை அறிவித்தது. வெளிநாட்டுக் கும்பல்கள் மீது சந்தேகம் விழுந்தது. வீட்டில் திருட்டு என்பதே அரிதாகிவிட்ட சிங்கப்பூரில் அந்தச் செய்தி பலரை உலுக்கியது. கண்காணிப்புக் கேமரா, எச்சரிக்கை மணி என்று யோசிக்கும் குடும்பங்களில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நல்ல காவல் நாய் ஒன்றை வாங்கிப் பழக்கினால் என்ன?

சிராங்கூன் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு முகங்கள். சிராங்கூன் கார்டன்சில் தரைவீட்டில் வசிப்பவருக்கு முற்றம் இருக்கிறது, வேலி இருக்கிறது, பெரிய நாய் வளர்க்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, செல்லப்பிராணிக் கடைகளுக்குப் பெயர்போன சிராங்கூன் நார்த் அவென்யூ 1ல், அதே கடைகளுக்கு மேலும் எதிரிலும் வீவக வீடுகளில் வசிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. தேக்காவைச் சுற்றியுள்ள புளோக்குகளிலும் அப்படித்தான்.

வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். கைவிடப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க 2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் சற்றுப் பெரிய நாய்களுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் அது வீடில்லா நாய்க்கு வீடு தேடும் திட்டம். காவலுக்கு ஆள் எடுக்கும் திட்டமன்று. ஆக, சிங்கப்பூர் மக்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோருக்கு ‘பயிற்றுநரை எங்கே தேடுவது’ என்ற கேள்வி எழுவதற்கு முன்பே விடை முடிந்துவிடுகிறது.

தனியார் வீட்டுக்காரர்களுக்கு விஷயம் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. காவல் என்றதும் மனத்தில் வரும் ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மெலினாய், ராட்வைலர், டோபர்மேன் ஆகிய அனைத்தும் சட்டம் தனிப் பட்டியலில் வைத்திருக்கும் இனங்கள். 2010 நவம்பர் முதல் நடப்புக்கு வந்த கடுமையான விதிகளின்படி, பட்டியலில் உள்ள நாயை வைத்திருப்பவர் அதன் உடலில் நுண்சில்லு பொருத்த வேண்டும். குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் தர வேண்டும். நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்க வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டினால் வாரும் வாய்ப்பூட்டும் கட்டாயம். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். பிட் புல், டோசா, அகிட்டா போன்றவற்றுக்கு விதி இன்னும் இறுக்கமானது. அவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவே முடியாது.

இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பலம் வாய்ந்த நாயைச் சட்டம் முதலில் ஓர் ஆபத்தாகவே பார்க்கிறது, பாதுகாப்பாகப் பார்க்கவில்லை. அந்த ஆபத்துக்கு நாயை வைத்திருப்பவரே முழுப் பொறுப்பு. தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: தன்னிடமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது குற்றம். ‘பயிற்சி கொடுத்தவர் சரியில்லை’ என்பது அங்கே பெரிய சமாதானமாக இருக்காது.

<b>எந்த வேலைக்கு நாய்?</b>

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நாய் விஷயத்தில் அது எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் குரைப்புக்குத்தான் மதிப்பு அதிகம். வேலியருகே யாரோ நிற்கிறார்கள் என்று வீட்டாருக்கு அறிவிப்பது ஒரு வேலை. ஓர் இடத்தை விட்டு அகலாமல் அந்நியரைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு வேலை. கட்டளை வந்ததும் ஆளைப் பிடித்து, கட்டளை வந்ததும் விடுவது முற்றிலும் வேறு வேலை. மூன்றையும் ‘காவல் நாய்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது. விற்பவருக்கும் அந்தக் குழப்பம் வசதியாக இருக்கிறது.

முதல் வேலைக்குப் பெரிய பயிற்சி வேண்டியதில்லை. விழிப்பான எந்த நாயும், பத்துக் கிலோ எடையுள்ளதுகூட, அதைச் செய்யும். திருடனும் சத்தத்துக்கு அஞ்சுகிறவன்தான். மூன்றாவது வேலைக்குப் பயிற்றுநரைத் தேடுபவர், தம் வீட்டுக்கு உண்மையிலேயே அது தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2024ல் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். கைப்பேசியில் வரும் திருடனைப் பார்த்து எந்த நாயும் குரைப்பதில்லை.

இருந்தாலும் ஆசை எளிதில் போவதில்லை. ரப்பர்த் தோட்டப்புறங்களில் வளர்ந்த தலைமுறைக்குத் துரை பங்களாவின் அல்சேஷன் இன்னும் நினைவிருக்கும். அந்த நாய் யாரையும் கடித்திருக்காவிட்டாலும் வாசலில் படுத்திருந்ததே போதும். தமிழ்நாட்டுத் தொடர்புள்ளவர்கள் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று பெருமையோடு பேசுவார்கள். ராஜபாளையத்துக்கு 2005ல் இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடாகத் தன்னைக் காத்துவரும் சிங்கப்பூருக்குள் இந்தியாவிலிருந்து ஒரு நாயைக் கொண்டுவர தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஊர்ப்பெருமைக்காக அவ்வளவு தூரம் வரும் நாய்க்கு இங்கே ஓடுவதற்கு இடமும் வேண்டுமே.

<b>நல்ல பயிற்றுநரை எப்படி அறிவது?</b>

தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 முதல் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு, தான் அங்கீகரித்த நாய்ப் பயிற்றுநர்களின் பட்டியலை இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அங்கீகாரம் கீழ்ப்படிதலையும் நடத்தையையும் சார்ந்தது. ஆளைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ‘அங்கீகாரம் பெற்றவர்’ என்று விளம்பரம் செய்பவரிடம் ‘எதற்கு அங்கீகாரம்?’ என்று கேட்பதில் தவறில்லை.

பாதுகாப்புப் பயிற்சிக்கு உலகளவில் ஓர் அளவுகோல் உண்டு. ஜெர்மனியில் ஷெப்பர்ட் இன நாய்களின் தகுதியைச் சோதிக்க நூறு ஆண்டுகளுக்கு முன் உருவான ‘ஷுட்ஸ்ஹுண்ட்’ தேர்வு இன்று ‘ஐஜிபி’ என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று அதில் மூன்று பகுதிகள். நாய் எவ்வளவு ஆவேசமாகப் பாய்கிறது என்பதைவிட, ‘விடு’ என்றதும் விடுகிறதா என்பதுதான் அங்கே பெரிதாகப் பார்க்கப்படுகிறது. மூன்று பகுதிகளில் ஒன்று முழுக்கக் கீழ்ப்படிதலுக்கே. அதுமட்டுமல்ல, பொது இடத்தில் ஆட்கள், மிதிவண்டிகள், மற்ற நாய்கள் நடுவே அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கும் தனித்தேர்வில் முதலில் தேற வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது 15 மாதம். பாதுகாப்புத் தேர்வின் முதல் நிலைக்கு 18 மாதம்.

இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதி விளம்பரங்களைத் தள்ளிவிடலாம். ஆறு மாதக் குட்டியைக் கொண்டுவந்தால் மூன்று மாதத்தில் ‘முழுக் காவல் நாயாக’ திருப்பித் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் அந்தக் குட்டிக்குப் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கப் போகிறார். பயந்த நாயும் கடிக்கும். பார்ப்பதற்கு அது வீரம் போலவே இருக்கும். ஆனால் பயந்து கடிக்கும் நாய்க்குத் திருடன், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு தெரியாது. நன்கு பயிற்சி பெற்ற நாய்க்குத் தடித்த கையுறை அணிந்த உதவியாளரைப் பிடிப்பது ஒரு விளையாட்டு. முடிந்ததும் அது வாலாட்டிக்கொண்டு வந்து உட்காரும். இந்த வேறுபாட்டை நேரில் பார்த்தால் யாருக்கும் புரியும். அதனால்தான் பயிற்சியைப் பார்க்க அனுமதிக்காத பயிற்றுநரிடம் நாயை விட்டுவிட்டு வரக்கூடாது.

என்ன கருவிகளைப் பயன்படுத்துகிறார் என்பதையும் கேட்க வேண்டும். முள்பட்டை, மின்னதிர்வுப் பட்டை ஆகியவற்றை விலங்குநல அமைப்புகள் எதிர்க்கின்றன. அவை இல்லாமல் பலமான நாயைப் பழக்க முடியாது என்று வாதிடும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் 2015ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி விலங்கு வதைக்கு முதல் குற்றத்துக்கே 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் உண்டு. விலங்கு சார்ந்த தொழில் நடத்துவோருக்கு அது இன்னும் அதிகம்.

பலர் கேட்கத் தவறும் கேள்வி இது: பயிற்சி யாருக்கு? சிங்கப்பூர் வீடுகளில் காலையும் மாலையும் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் பெரும்பாலும் பணிப்பெண். நாற்பது கிலோ ராட்வைலர் முதலாளியின் குரலுக்கு மட்டும் கட்டுப்பட்டால் போதாது. அந்தப் பெண்ணின் குரலுக்கும், வீட்டிலிருக்கும் பாட்டியின் குரலுக்கும் கட்டுப்பட வேண்டும். 1954ல் தொடங்கிய காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் நாயும் அதிகாரியும் சேர்ந்தே பயில்கிறார்கள். ஆளில்லாமல் நாய்க்கு மட்டும் அளிக்கும் பயிற்சியை அங்கே யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை. வீட்டாரைக் களத்துக்கு அழைக்காமல் நாயை மட்டும் சில வாரங்கள் தங்கவைத்துத் திருப்பி அனுப்பும் பயிற்றுநர் பாதி வேலையைத்தான் செய்கிறார், கட்டணம் முழுதாக இருந்தாலும்.

<b>சென்னைப் பூங்காவில் நடந்தது</b>

பயிற்சியும் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. இங்குள்ள தமிழர்கள் கைப்பேசியில் அன்றாடம் பார்க்கும் சென்னைச் செய்திகளிலேயே விடை இருக்கிறது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் அருகே ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். நாய்களை வைத்திருந்தவர் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் 23 இனங்களைத் தடைசெய்யும்படி இந்திய மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. உரிய கலந்தாலோசனை இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டது.

தடையா, கட்டுப்பாடா என்ற கேள்வியில் சிங்கப்பூர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காப்புறுதி, உத்தரவாதம், வாய்ப்பூட்டு எல்லாம் சேர்ந்து, யோசிக்காமல் வாங்குபவரை வாசலிலேயே நிறுத்துகின்றன. ஆனால் வேலிக்கு உள்ளே நடப்பதைச் சட்டம் அன்றாடம் எட்டிப்பார்ப்பதில்லை. அந்த வேலியருகே பொட்டலத்தோடு வந்து நிற்பவர் உணவு விநியோக ஊழியராக இருக்கலாம், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவராக இருக்கலாம். நம்மவர்களில் பலர் செய்யும் வேலைகள் அவை. நல்ல பயிற்றுநர் முதலில் பார்ப்பது நாயை அல்ல, வீட்டின் கதவை: தானாகச் சாத்திக்கொள்கிறதா, மணி அடித்தால் நாய் எங்கே நிற்கும், எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று.

தொழிற்பேட்டைகளில் நிலை வேறு. துவாஸ், சுங்கை காடுட் போன்ற பகுதிகளில் வேலை செய்தவர்களுக்குப் பணியிடக் காவல் நாய்களைத் தெரிந்திருக்கும். சங்கிலியும் ஊழியர்கள் போடும் மிச்சச் சோறும்தான் பலவற்றுக்குக் கிடைத்த பயிற்சி. வேலை முடிந்து தளம் மூடப்பட்டதும் கைவிடப்பட்டவை தெருநாய்களின் எண்ணிக்கையில் சேர்ந்தன. அவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, விடுவித்துப் பராமரிக்கும் தேசியத் திட்டம் 2018 நவம்பரில் தொடங்கியது. வரிப்பணத்தில் ஈடுகட்டப்படும் அலட்சியம் அது.

தரைவீட்டுக்காரர்களும் இதில் தங்களுக்கு ஒரு செய்தி இருப்பதைக் கவனிக்கலாம். ஒரு ஜெர்மன் ஷெப்பர்டின் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் பிள்ளைகள் வெளியேறலாம், பெரிய வீட்டை விற்றுவிட்டுப் பெற்றோர் வீவக வீட்டுக்கு மாறலாம். பணி ஓய்வு பெற்ற காவல்துறை, ராணுவ மோப்ப நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க 2017ல் வழி திறக்கப்பட்டது. ஆனால் அது மோப்பம் பிடிக்கும் சாதுவான நாய்களுக்கு. ஆளைப் பிடிக்கப் பழக்கப்பட்ட எட்டு வயது ஷெப்பர்டுக்கு அங்கே இடமில்லை. தத்தெடுக்க வருபவர்களிடமும் அதன் பயிற்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொன்னபின் எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள் என்பதை, பயிற்றுநருக்கு முன்பணம் கட்டும் நாளிலேயே குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.