பாலம்தான் போச்சு, கோட்டை போகலே!

செஞ்சி ராஜகிரி உச்சிக்குப் போக, பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம் உண்டு. பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டை அப்படியே நிற்கும். உள்ளே நுழைய முடியாது.

"அப்டேட்" ஆனதும் லேப்டாப்பில் வைபை "அவுட்" ஆவதும் இதே கதைதான். இங்கே பாலத்தின் பெயர் "டிரைவர்". வைபை கருவியையும் விண்டோசையும் இணைக்கிற மென்பொருள் அது.

2023 டிசம்பரில் விண்டோஸ்-11 அப்டேட்டால் சில லேப்டாப்புகள் கல்லூரி, அலுவலக வைபையில் சேர மறுத்தன. மைக்ரோசாப்டே கோளாறை ஒப்புக்கொண்டு, அந்த மாற்றத்தை வாபஸ் வாங்கியது.

ஆகவே, "போர்டு போச்சு" என்று பதறி காசைக் கொட்டாதீர்கள்! முதலில் ரீஸ்டார்ட். பிறகு "ஏர்பிளேன் மோடு" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே வைபை செல்போனில் வந்தால், கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில்தான். "டிவைஸ் மேனேஜர்" போய், வைபை கருவியில் "ரோல் பேக் டிரைவர்" அழுத்தினால் பழைய பாலம் திரும்பும். அழுத்த முடியவில்லையா? செல்போனை யு.எஸ்.பி. வயரில் மாட்டி நெட் எடுத்து, லேப்டாப் கம்பெனி தளத்தில் டிரைவரை இறக்குங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்பதும் ஆபத்து; வைரஸ் நுழைய அதுவே வழி. நாளை விண்ணப்பக் கடைசி நாள் என்றால், இன்று மட்டும் தள்ளிப் போடுங்கள்.

கெடுத்தது கம்பெனி அப்டேட். ரிப்பேர் பில் மட்டும் செஞ்சி மாணவன் தலையிலா?