கதவு மாறிற்று, களஞ்சியம் மாறவில்லை



சென்ற பூரணை விடுமுறையன்று எங்கள் உப்புவெளி வீட்டில் பெருங் களேபரம் ஒன்று நிகழ்ந்தது. திருடன் வரவில்லை, கடலும் பெருகவில்லை. எனினும் வீட்டின் பெருநிதி காணாமற்போயிற்று என்றே அனைவரும் கலங்கினோம்.

எங்கள் நடு அறையில், ரவுட்டருக்கு அருகே, செங்கல்லினும் சற்றே பெரிய கரிய பெட்டி ஒன்று இருக்கின்றது. அதனுள் இரண்டு வன்தட்டுகள் சுழல்கின்றன. வீட்டிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் தத்தம் கோப்புகளை அதிலே கொண்டுபோய் வைக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். நெல்லுக்குக் களஞ்சியம் இருப்பதுபோல, இது கோப்புகளுக்குக் களஞ்சியம்.

அதனுள் இருப்பவை யாவை? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் பழைய வீட்டினுட் புகுந்து, புகைப்படங்கள் அனைத்தையும் அள்ளிச் சென்றது. கந்தளாயில் மாமி வீட்டில் இரவலாகக் கிடந்த ஏழு கசெற் நாடாக்கள் மாத்திரமே தப்பின. அப்பம்மாவின் தாலாட்டுகளும், அவற்றைப் பதிவுசெய்த அப்பாவின் குரலும் அவற்றில் உள்ளன. இருவரும் இன்றில்லை. நாடாக்களும் பூஞ்சணம் பிடித்து ஓடாமற்போய்விட்டன. ஆதலால் அக்குரல்கள் அப்பெட்டியில்தான் வாழ்கின்றன.

அன்று காலை, மென்பொருளைப் புதுப்பிக்குமாறு பெட்டி அறிவித்தது. சிறிதும் யோசியாமல் இசைவளித்தேன். அரைமணி நேரத்தில் விளக்குகள் பச்சையாக ஒளிர்ந்தன. பிறகு எனது பழைய கணினியில் அப்பம்மாவின் பாட்டைத் திறக்க முனைந்தேன். பாதை இல்லை என்றது கணினி. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே விடை.

“என்னப்பா, எல்லாம் போய்விட்டதா?” என்றாள் மனைவி. அயல்வீட்டு அன்பரோ, “மாஸ்டர், தட்டைக் கழற்றி வேறு கணினியிற் பூட்டிப் பார்ப்போம்” என்று திருப்புளியுடன் வந்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நானும் உடன்பட்டு, மூடியின் முதல் ஆணியைக் கழற்றியும்விட்டேன். அவ்வேளை மகள் குறுக்கிட்டு, கொழும்பிலே கணினித் தொழில் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“சேர், கோபிக்க வேண்டாம், ஒன்றையும் கழற்றாதீர்கள். அத்தட்டுகளின் எழுத்துமுறை விண்டோஸுக்கு விளங்காது. விளங்காத தட்டைக் கண்டால் ‘வடிவமைக்கவா’ என்று அது கேட்பதுண்டு. ஆமென்று அழுத்தினால் ஆபத்து” என்றார். பிறகு மூன்று வினாக்கள் தொடுத்தார். பெட்டியின் விளக்கும் வடமும் சரியா? சரி. பெட்டியின் பெயருக்குப் பதிலாக அதன் எண்முகவரியைக் கொடுத்தாற் திறக்கின்றதா? பழைய கணினியில் இல்லை. வேறொரு கருவியிலிருந்து திறக்கின்றதா? மகள் தன் மடிக்கணினியில் முயன்றாள். உடனே கோப்புகள் அனைத்தும் வரிசையாகத் தோன்றின!

அப்போதுதான் உண்மை துலங்கிற்று. நோய் பெட்டியில் இல்லை; என் கணினிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள பாஷையில் இருந்தது. கோப்புகளைப் பகிர்வதற்குக் கணினிகள் பேசும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாயிற்று. இதனை லினக்ஸ் கருவிகளுக்குப் பேசக் கற்பித்த ‘சம்பா’ என்னும் மென்பொருளை 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கினார். வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றினுள்ளும் இயங்குவது அதுவே. 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையினூடே புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளிலே கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளும் தப்பவில்லை. 2019இல் வந்த சம்பா 4.11 அம்முதற்பதிப்பை இயல்பாகவே முடக்கிவைத்தது. எனது பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியோ அம்முதற்பதிப்பை அன்றி வேறொன்றையும் அறியாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பாடக்குறிப்புகளுக்காக அதனை இன்னும் போற்றி வைத்திருந்தேன்.

பழைய கதவை மீண்டும் திறந்துவிட அமைப்புகளில் வழி உண்டு. எனினும் ஒரு கிழக் கணினியின் பொருட்டு வீட்டுக் கதவைத் தாழிடாமல் விடுவது அறிவாகுமோ? அதிலிருந்த குறிப்புகளைப் பென்டிரைவில் எடுத்து, யூனிகோட்டுக்கு மாற்றி, அதற்கு ஓய்வு கொடுத்தோம்.

நன்றி கூறித் தொலைபேசியை வைக்கப்போனேன். “சேர், இன்னொரு கேள்வி. இப்பெட்டிக்கு வெளியே இவற்றின் பிரதி எங்கே இருக்கின்றது?” என்றார் மாணவர்.

“இரண்டு தட்டுகளிலும் ஒரே கோப்புகள்தாமே இருக்கின்றன?” என்றேன் பெருமையுடன்.

“அது ஒரு தட்டுப் பழுதானால் மற்றது காக்கும் ஏற்பாடு மட்டுமே, சேர். தவறி ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியைக் கள்வன் கொண்டுபோனால் இரண்டும் போகும். கடல் வந்தால்?”

நான் வாயடைத்துப்போனேன். மாணவருக்கு முப்பது தடவை வினாத்தாள் திருத்தியவன், இவ்வொரு வினாவில் பூச்சியம் பெற்றேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகள் போனவை போனவையே. ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் அதனை வேறோலையிற் பெயர்த்தெழுதி வைத்த நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். வகுப்பிலே இதனை ஆண்டுதோறும் சொல்லுகின்ற யான், என் வீட்டில் மறந்திருந்தேன்.

மாணவ மணிகளே, கருவி எதுவாயினும் நான்கை மனத்திற் கொள்ளுங்கள். புதுப்பிக்குமுன் பிரதி எடுங்கள். புதுப்பிப்பில் என்ன மாறுகின்றது என்ற குறிப்பை வாசியுங்கள். பிழை நேர்ந்தால் ஒருவேளைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். விளங்காத கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள்.

மறுவாரமே ஒரு வெளித்தட்டு வாங்கி, அனைத்தையும் அதிற் பிரதிசெய்து, சில கோப்புகளைத் திறந்தும் சரிபார்த்து, கந்தளாய்க்குப் பேருந்தில் எடுத்துச் சென்றேன். மாமி அதனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

“முன்னம் நாடாவை மறந்து விட்டுப் போனீர்கள், இம்முறை நினைத்துக் கொண்டுவந்திருக்கிறாய், தம்பி” என்றார்.