ஓய்வு கைக்குத்தான், மூளைக்கு இல்லை



வேலையிலிருந்து நின்ற பெரியவர்கள் சிலர் அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். "என்னண்ணே செய்யுது?" என்றால், "ஒன்னுமில்லே டிரஸ்ஸரய்யா, பொழுது போகலே" என்கிறார்கள். இதை லேசாக எண்ணாதீர்கள். தனிமையும் குறைந்த படிப்பும் மறதி நோய் வரும் அபாயத்தைக் கூட்டும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு எச்சரித்தது.

இதற்கு ஒரு வழி உண்டு. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியோருக்கென 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார்கள். நம் நாட்டில் 2008-இல் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் அது வந்தது. ஐம்பது தாண்டியவர்களும் அங்கே மாணவர்கள்தான்.

பத்து காவான்காரர்கள் செர்டாங் போக வேண்டாம். கோயில் மண்டபம் போதும். வாரம் ஒரு மாலை, ஒரு வருஷம் செய்து பார்ப்போம். பொங்கல் கழிந்ததும் எழுத்துப் பயிற்சி. பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்த கை கையெழுத்துப் போடட்டும். சித்திரையில் கைப்பேசி. ஆடியில் பிரஷர், சர்க்கரை பற்றி நான் சொல்லித் தருகிறேன். தீபாவளிக்கு முன் பெரியவர்களே வாத்தியார். பால்மரம் வெட்டிய கதையைப் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.

மருந்துச் சீட்டு நான் எழுதலாம். மண்டபத்தைத் திறக்க வேண்டியது நீங்கள்தான்.