மிச்சம் யாருக்கு?



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, சீனா முன்பெல்லாம் ரொம்ப ஏழை நாடாமே? இப்போது நம் வீட்டுச் சாமான் பாதி அங்கிருந்துதான் வருகிறது. எப்படி ஐயா?" பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரட்டுக்களம் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். 1958 முதல் சீனக் கிராமங்களின் நிலமெல்லாம் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் வசம் இருந்தது. ஆட்கள் கூட்டமாக வயலுக்குப் போவார்கள். வேலைக்குப் புள்ளி போடுவார்கள். வருடக் கடைசியில் புள்ளிக் கணக்குப்படி தானியம். குனிந்து நடுபவனுக்கும் மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவனுக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி. அப்புறம் யார்தான் முதுகை ஒடித்துக்கொள்வார்? நம் வீட்டுப் பின்புறத்துக் கீரையும் மரவள்ளியும் மட்டும் ஏன் தளதளவென்று நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

அன்ஹூய் மாநிலத்தில் சியோகாங் என்று ஒரு சிற்றூர். 1959 முதல் 1961 வரை நாட்டையே வாட்டிய பஞ்சம் அந்தப் பக்கத்தைச் சூறையாடியது. அதற்குப் பிறகும் அவ்வூரார் பிச்சை எடுக்க வெளியூர் போவது வழக்கமாக இருந்தது. 1978 கடைசியில் ஓர் இரவு, 18 விவசாயிகள் ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்ப வாரியாகப் பிரித்துக்கொள்வோம், அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம், மிச்சம் அவரவருக்கு என்று தாளில் எழுதினார்கள். அன்று அது பெருங்குற்றம். ஆகவே இன்னொன்றும் எழுதினார்கள்: தலைமை தாங்கியவர்கள் சிறைக்குப் போனாலும் தலையே போனாலும், அவர்களின் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். கைநாட்டு வைத்தார்கள். தாய்மார்களே, அந்த வரி எழுதப்பட்ட இரவில் அவ்வீட்டுப் பெண்கள் தூங்கியிருப்பார்களா?

மறு வருடம் களம் நிறைந்தது. மழையும் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. மாநிலத் தலைவர் வான் லி தண்டிக்காமல் விட்டார்; 1980இல் டெங் சியோபிங் ஆதரித்துப் பேசினார். சில ஆண்டுகளில் கம்யூன்களே கலைந்தன. பலர் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று உண்டு: 1979இல் அரசாங்கம் தானியக் கொள்முதல் விலையை 20 விழுக்காடு உயர்த்தியது. நிலம் கையில் வந்தும் விலை கிடைக்காவிட்டால் என்ன பயன்? ரப்பர் விலை விழுந்த காலங்களைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1978இல் சுமார் 305 மில்லியன் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984இல் 407 மில்லியன் டன்னாயிற்று. பிறகு கிராமத் தொழிற்சாலைகளும் ஷென்ஜென் போன்ற நகரங்களும் வளர்ந்தன. நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 மில்லியன் மக்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கணக்கிடுகிறது.

எல்லாம் இனிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கம்யூனோடு கிராமத்து மலிவு வைத்திய ஏற்பாடும் பெரும்பாலும் சரிந்தது. புதியதை 2003இல்தான் தொடங்கினார்கள். ஒரு நோய் வந்தால் சேர்த்த காசெல்லாம் போய்விடும் என்ற நிலை இடையில் இருபது வருடம். நகரத்துத் தொழிற்சாலைக்குப் போன பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்ப்பது எளிதாக இல்லை. குடும்பப் பதிவு கிராமத்தில் இருந்ததே காரணம். அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

கேள்வி கேட்ட பையனும் பாட்டியிடம்தான் வளர்கிறான். அப்பா அம்மா ஜொகூரில் வேலை. திங்கட்கிழமை அவனுக்கு அந்தக் கைநாட்டுத் தாளைப் பற்றி முதலில் சொல்லப்போகிறேன்.